பிழைக்க வந்த ஊரில் சொந்தத் தொழில்: கேள்வி-பதில்

ஒடிசாவிலிருந்து வந்த பக்கத்து வீட்டுப் பெண், பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே நைட்டி தைத்து விற்கிறார். கணவரின் கியூஆர் அட்டையைத்தான் மாட்டியிருக்கிறார். அது போதாதா?
– வாசகி, திருப்பூர்

போதாது. விற்ற காசு கணவர் கணக்கில் விழுந்தால், வங்கியைப் பொறுத்தவரை அவர்தான் வியாபாரி. நாளை இன்னொரு தையல் இயந்திரம் வாங்க இந்தப் பெண் கடன் கேட்டுப் போனால், இரவு பகலாக உழைத்ததற்கு ஒரு வரி ஆதாரமும் இருக்காது. ஊர் விட்டு வந்த பெண்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கணக்கு, சிம், கைப்பேசி மூன்றும் உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஒடிசாவில் ஜன்தன் கணக்கு இருந்தால் அதை வைத்தே இங்கே யுபிஐ தொடங்கலாம். பெரும்பாலும் சிக்கல் சிம்மில்தான் வரும். ஊர் மாறியதும் பழைய எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். முடக்கப்பட்ட எண் 90 நாள்களுக்குப் பிறகு வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம்; ஓடிபியும் அவருக்கே போகும். ஆகவே முதலில் வங்கிக்குப் போய் இப்போதைய எண்ணை இணைக்கச் சொல்லுங்கள். புதுக் கணக்கு தொடங்குவதானாலும், ஆதாரில் ஒடிசா முகவரி இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். தற்போதைய முகவரியைச் சுய உறுதிமொழியாக எழுதிக் கொடுக்க ரிசர்வ் வங்கி விதி இடமளிக்கிறது. நீங்களும் உடன் போனால் மொழிக்குத் துணையாக இருக்கும்.

தூத்துக்குடியிலிருந்து பெங்களூரு வந்திருக்கிறேன். இட்லிப்பொடியும் கருவாட்டுத் தொக்கும் வாட்ஸ்அப்பில் விற்கிறேன். கன்னடம் தெரியாது. உரிமமும் வேண்டுமா?

வீட்டுச் சமையலறையானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கட்டாயம். அதற்கான ஃபோஸ்காஸ் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளில் அச்சிடுங்கள். பொடிக்குப் பச்சை வட்டக் குறி, தொக்குக்குப் பழுப்பு முக்கோணக் குறி. இதில் தவறவே கூடாது.

மொழிக்கு, வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் கேட்டலாக்கில் (பொருள் பட்டியலில்) படம், எடை, விலை போட்டுவிட்டால் பாதிப் பேச்சு மிச்சம். மொழிபெயர்ப்புச் செயலி தரும் கன்னடத்தை மட்டும் அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் படித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

ராணுவ முகாமிலிருந்து பேசுவதாகச் சொல்லி 20 கிலோ முறுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். முன்பணம் வர கியூஆரை ஸ்கேன் செய்து யுபிஐ ரகசிய எண்ணை (பின்) போடச் சொல்கிறார்கள்.
– தாராவி, மும்பை

போடாதீர்கள். பணம் பெற ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதைப் போட்டால் உங்கள் பணம்தான் போகும். ஏற்கெனவே போட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

முதலுக்குக் கடன் செயலியில் வாங்கலாமா?

வேண்டாம். பல செயலிகள் உங்கள் கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களை எடுத்துக்கொண்டு, தவணை தவறினால் உறவினர்களை அழைத்து அவமானப்படுத்துகின்றன. மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கேட்கலாம். அதற்கு முன் சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்யுங்கள். அது முற்றிலும் இலவசம். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் அரசுத் தளம் அல்ல.