தூக்குத் தண்டனை: கேட்டவர்களுக்கு ஒரு வக்கீலின் பதில்கள்

கேள்வி: சார், ஒரு குடும்பத்தையே கொன்றவனைத் தூக்கில் போட்டால் என்ன தப்பு? பறிகொடுத்தவர்கள் இடத்தில் இருந்து பாருங்கள்.

பதில்: அவர்கள் கோபத்தில் ஒரு தப்பும் இல்லை. பிடிபட்டவன்தான் செய்தவனா என்பதே என் கேள்வி. மகாராஷ்டிரத்தில் 2003-ல் ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்ட வழக்கில், நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேரைப் பிடித்தார்கள். 2006-ல் செஷன்ஸ் கோர்ட் ஆறு பேருக்கும் தூக்கு என்றது, உயர் நீதிமன்றம் மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்தது, உச்ச நீதிமன்றமோ 2009-ல் மறுபடியும் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. அப்புறம் 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது! உயிர் தப்பிய சாட்சி, போலீஸ் ஆல்பத்தைப் பார்த்து வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார், அவர்கள் மேல் வழக்கே போடவில்லை. ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது கோர்ட். உயிரோடு இருந்ததால் வாங்கிக்கொள்ள முடிந்தது.

கேள்வி: 'அரிதினும் அரிதான' வழக்கில்தானே தூக்கு? பிறகு ஏன் பயம்?

பதில்: 1980-ல் பச்சன் சிங் வழக்கில் வந்த விதி அது. குற்றத்தை மட்டுமல்ல, ஆளையும் பார், அவன் திருந்த வாய்ப்பு உண்டா என்று பார் என்கிறது. ஆனால் 1995-ல் ஒரு வழக்கில் கொடூரத்தை மட்டும் பார்த்துத் தூக்கை உறுதி செய்தார்கள். அந்தத் தீர்ப்பு விதிக்கு முரணானது என்று 2009-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் அந்த வழக்கில் தண்டனை பெற்றவரை 1996-லேயே தூக்கிலிட்டாயிற்று.

கேள்வி: தூக்கு இல்லையென்றால் 14 வருஷத்தில் வெளியே வந்துவிடுவானே அண்ணா?

பதில்: இல்லை தம்பி. ஆயுள் என்றால் ஆயுள் முழுக்க. 14 வருஷம் முடிந்தால் விடுவிப்பதைப் பற்றி அரசு யோசிக்கலாம், அவ்வளவுதான். இத்தனை வருஷத்துக்கு விடவே கூடாது என்று உத்தரவு போடவும் 2008 முதல் உச்ச நீதிமன்றம் வழி வைத்திருக்கிறது.

கேள்வி: பேரறிவாளனுக்குத் தூக்கு ரத்தானது எதனால்?

பதில்: கருணை மனுவை 11 வருஷம் கிடப்பில் போட்டதால். 2014-ல் ஆயுளாகக் குறைந்தது, 2022-ல் விடுதலை.

கேள்வி: எதை முதலில் மாற்ற வேண்டும் என்கிறீர்கள்?

பதில்: தூக்கை எடுக்க வேண்டும். பயங்கரவாதம், நாட்டுக்கு எதிராகப் போர் தொடுத்தல் ஆகிய வழக்குகள் தவிர மற்றவற்றில் எடுத்துவிடலாம் என்று 2015-லேயே சட்ட ஆணையம் சொல்லிவிட்டது. அதுவரைக்கும் செஷன்ஸ் கோர்ட்டைச் சரி செய்யுங்கள். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், தூக்குக் கைதிகளில் நான்கில் மூன்று பேர் அளவுக்கு ஏழைகள். குற்றவாளி என்று தீர்ப்பான அன்றே தண்டனை வாதமும் முடிந்துவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். இவன் எங்கே வளர்ந்தான், மனநலம் எப்படி, ஜெயிலில் நடத்தை எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த விவரங்களை விசாரணைக் கட்டத்திலேயே திரட்ட வேண்டும் என்று 2022-ல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் ஊர் கோர்ட்டில் அடுத்த தூக்குத் தீர்ப்பு வந்தால், அதை யாராவது திரட்டினார்களா என்று கேளுங்கள்.