வாசகர் கேள்வி–பதில்: கார் ரிமோட் சாவியின் பேட்டரி

கேள்வி: எங்கள் காரின் ரிமோட் சாவியை முன்பு சமையலறைச் சன்னலருகே நின்று அமுக்கினாலே கதவு திறந்துகொள்ளும். இப்போது காரை ஒட்டி நின்றும் இரண்டு மூன்று முறை அமுக்க வேண்டியிருக்கிறது. புதுச் சாவிதான் வாங்க வேண்டும் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். பேட்டரியை நானே மாற்றலாமா? மாற்றினால் சாவியின் நினைவு அழிந்து, கார் கிளம்பாமல் போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன் (தென்னாப்பிரிக்கா)

பதில்: தாராளமாக மாற்றலாம், அம்மா. எட்டும் தூரம் நாளுக்கு நாள் சுருங்கி வருவது பேட்டரி தளர்ந்ததற்கான அடையாளமே தவிர, சாவி கெட்டதற்கான அடையாளம் அன்று. பெரும்பாலான சாவிகளில் இரகசியக் குறியீடு மின்சாரம் இல்லாமலும் அழியாத சிப்பில் பதிந்திருப்பதால், பேட்டரியைக் கழற்றினாலும் அது அப்படியே இருக்கும். சில பழைய மாடல்களுக்கு மட்டும் காரின் கையேட்டில் சொல்லியபடி மறுபடி இணைக்க வேண்டிவரும். எஞ்சினைக் கிளப்ப அனுமதிக்கும் இம்மொபிலைசர் சிப்புக்கோ பேட்டரியே தேவையில்லை. அதற்கு வேண்டிய சிறு மின்சாரத்தைக் காரே காந்தப்புலத்தின் வழியாக ஊட்டுகிறது.

பழைய பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். சிஆர் 2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு; 2025 என்பது 2.5, 2016 என்பது 1.6 மில்லிமீட்டர் தடிப்பு. மூன்றும் 3 வோல்ட்தான் என்பதால் எதைப் போட்டாலும் ஓடும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். ஆனால் மெல்லியது உள்ளே ஆடும், ஒருநாள் வேலை செய்து மறுநாள் சதி செய்யும். குழந்தைகள் வாயில் வைக்காதிருக்கக் கசப்புப் பூசிய பேட்டரிகளும் விற்கிறார்கள்; சில சாவிகளில் அந்தப் பூச்சே மின்தொடர்பைத் தடுத்துவிடும்.

சாவிக்குள் செருகியிருக்கும் இரும்புச் சாவியை முதலில் உருவிவிட்டு, அந்தப் பிளவில் துணி சுற்றிய தட்டைத் திருப்புளியை நுழைத்து மெல்லத் திருகினால் கூடு இரண்டாகப் பிரியும். பிரிக்கும்போது சாவியை மேசைமேல் விரித்த துண்டின் மீது வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் மடக்குச் சாவிகள் சிலவற்றில் இம்மொபிலைசர் சிப் அரிசி அளவே உள்ள தனித்துண்டாக இருக்கும். அது தெறித்துத் தொலைந்தால்தான் நீங்கள் அஞ்சியபடியே கார் கிளம்பாது. கூட்டல் குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கைப்பேசியில் படமெடுத்த பிறகே பழையதை எடுங்கள். நம் கடற்காற்றில், பேட்டரியைத் தொடும் தகடுகளில் பச்சை பூத்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். கழற்றிய பேட்டரியின் இருபுறமும் ஒட்டுநாடா ஒட்டிப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கக்கூடும் என்பதால், விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கேள்வி: பேட்டரி மாற்றி ஒரு வாரம்தான் ஆகிறது. வீட்டில் ஒழுங்காகப் பூட்டும் கார், பேரங்காடியின் வாகன நிறுத்தத்தில் மட்டும் பூட்டவில்லை. போலிப் பேட்டரியாக இருக்குமோ?
– வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: தளர்ந்த பேட்டரி எல்லா இடத்திலும் தளர்ந்தே இருக்கும்; ஓரிடத்தில் மட்டும் திடீரென்று பூட்டாமல் போனால் பேட்டரியை விட்டுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்க்க வேண்டும். இங்குள்ள கார்ச் சாவிகளில் பலவும் வீட்டு வாயிற்கதவின் ரிமோட்டுகளில் பலவும் ஒரே 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. பக்கத்தில் ஒருவன் அப்படிப்பட்ட ரிமோட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டால், உங்கள் சாவியின் மெல்லிய குரல் காரின் காதில் விழாது. திருடர்கள் நம் நாட்டில் வெகுகாலமாகக் கையாளும் வித்தை இது. பொத்தானை அமுக்கிவிட்டு முதுகைத் திருப்பி நடப்பவரே அவர்களுக்கு வேண்டியவர். ஆகவே விளக்கு மின்னியதா என்று பார்த்து, கைப்பிடியையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். திறந்துகொண்டால் இரும்புச் சாவியால் பூட்டலாம், அதற்கு அலைவரிசை எதுவும் தேவையில்லை. ஆனாலும் யாரோ காத்திருக்கும் இடத்தில் காரை விட்டுச் செல்வதைவிட வேறிடம் தேடி நிறுத்துவதையே நான் விரும்புவேன்.