மழை பெய்தால் பழைய கன்வெர்டிபிள் காரின் தரைவிரிப்பு நனைவது ஏன்?

கன்வெர்டிபிள் என்பது கூரையை மடித்துத் திறக்கக்கூடிய கார். அதைப் பழையதாக வாங்கியவர்கள், விரிப்பு ஈரமானதும் துணிக் கூரையைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி வடிகால்.

கூரையில் விழும் நீர் ஓரமாக வழிந்து, பின்பக்கப் பள்ளத்தில் இறங்கி, இருபுறத் துளைகள் வழியாகக் காருக்கு அடியில் போய்விடும். மரத்தடியில் நிறுத்தும் காரில் சருகும் தூசியும் சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துவிடும். மொட்டை மாடியின் மழைநீர்க் குழாயில் வேப்பிலை அடைத்தால் தண்ணீர் மாடிப்படி வழியே வீட்டுக்குள் வருகிறதே, அதே கதைதான்.

1996இல் வந்த முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரில் இந்தக் கதைக்குச் செலவு அதிகம். திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பெட்டியை அதில் இருக்கைக்கு அடியில், தரையை ஒட்டி வைத்திருக்கிறார்கள். (யாருக்குத் தோன்றிய யோசனையோ!) அங்கே நீர் தேங்கினால் பெட்டி கெடும், பேட்டரி நன்றாக இருந்தாலும் கார் கிளம்பாது.

சோதிப்பது எளிது. கூரையைப் பாதி திறந்து நிறுத்தி, பள்ளத்தில் ஒரு குவளை நீரை மெல்ல ஊற்றுங்கள். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் சொட்டினால் நல்லது. சொட்டாவிட்டால் சருகைக் கையால் அள்ளுங்கள். கம்பியால் குத்தினால் உள்ளிருக்கும் குழாய் கழன்றுவிடும்.

கூரைக்குள் துளி நீரும் இறங்கக் கூடாது என்று நினைத்து அந்தத் துளைகளையே சிலிக்கான் பூசி அடைப்பவர்கள் உண்டு. நீர் இறங்கத்தான் செய்யும், அது வெளியேறத்தான் துளைகள்.