நான்கையும் ஒரே நாளில் தொடங்கினால்

கேள்வி: எனக்கு வயது 43, சிங்கப்பூரர். வீடு யீஷூனில், வேலை ஜூரோங்கில். 12 மணி நேர ஷிஃப்ட், பகலும் இரவும் மாறி மாறி வரும். பகுதிநேரப் படிப்பு, எடைக் குறைப்பு, சேமிப்பு, தொடக்கநிலை 5 படிக்கும் மகளுக்குத் தமிழ் சொல்லித்தருவது என்று நான்கையும் ஜனவரியில் தொடங்கினேன். மார்ச்சுக்குள் எல்லாம் நின்றுபோயின. எனக்கு மன உறுதி போதவில்லையா?

பதில்: மன உறுதி இல்லாதவரால் இரவு ஷிஃப்டை ஆண்டுக்கணக்கில் தாங்க முடியாது, ஐயா. அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நான்கையும் ஒரே நாளில் தொடங்கியதுதான் சிக்கல்.

எதை முதலில் எடுப்பது? எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பாருங்கள். 40 வயதை எட்டியவர்களுக்குப் பயிற்சிக் கட்டணத்துக்காக 2024 மே மாதம் அரசாங்கம் கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகைக்குக் காலக்கெடு கிடையாது. படிப்பை ஓராண்டு தள்ளினாலும் அந்தப் பணம் அப்படியே இருக்கும். உங்கள் மகளின் பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, அடுத்த ஆண்டு. அது யாருக்காகவும் தள்ளிப்போகாது. என்னைக் கேட்டால் மகளின் தமிழ்தான் முதலில்.

சேமிப்புக்குப் பழக்கமே தேவையில்லை. சம்பளம் வந்த மறுநாள் ஒரு தொகை வேறு கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கிச் செயலியில் ஒருமுறை பதிந்துவிடுங்கள், போதும். எடையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஓய்வு நாளில் மகளோடு பேசிக்கொண்டே ஈரச்சந்தைவரை நடந்து போய் வந்தால் அதற்கும் ஒரு தொடக்கம் ஆயிற்று.

சரி, தமிழை எப்படிப் பழக்கமாக்குவது? ‘தினமும் இரவு 8 மணி’ என்று வைத்தால் ஷிஃப்ட் மாறும் வாரத்திலேயே அது உடைந்துவிடும். உங்கள் ஜனவரித் திட்டமும் இப்படித்தான் உடைந்திருக்கும் என்று நினைக்கிறேன். கடிகாரத்தோடு கட்டாமல், எந்த ஷிஃப்டிலும் நீங்கள் தவறாமல் செய்யும் ஒரு செயலோடு கட்டுங்கள். வேலை முடிந்து வந்து வாசலில் சேஃப்டி ஷூவைக் கழற்றுகிறீர்கள் அல்லவா? கழற்றியதும் நேராக மகளிடம் போய்ப் பத்து நிமிடம் தமிழில் பேசுங்கள். புத்தகம் வேண்டாம். ‘இன்று உணவு இடைவேளையில் என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். அவள் ஆங்கிலத்துக்குத் தாவினால் திட்டாமல், அதையே தமிழில் நீங்கள் சொல்லிக் காட்டுங்கள். வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்து உரையாடும் பகுதி இருக்கிறது. அதற்கு இந்தப் பேச்சைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

எத்தனை நாளில் பழகும் என்று கேட்பீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். 2010இல் வந்த அந்த ஆய்வின்படி, ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் பழகச் சராசரியாக 66 நாளாகிறது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபடும்; 12 வாரத்தைத் தாண்டிய நாள்கள் அவர்கள் கணக்கிட்டுச் சொன்னவை. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். அதனால் ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள். படிப்பைப் பற்றி மூன்று மாதம் கழித்து யோசிக்கலாம்.

இரவு ஷிஃப்ட் முடிந்து நீங்கள் வரும்போது மகள் பள்ளிக்குக் கிளம்பியிருப்பாள். அன்று ஷூவைக் கழற்றியதும் வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்பிவிட்டுத் தூங்குங்கள். பள்ளி விட்டு வந்ததும் அவளும் குரலிலேயே, தமிழிலேயே பதில் அனுப்பட்டும்.