கம்பெனி தயவில்லாமல் கிரீன் கார்டு கேட்க முடியுமா?

கேள்வி: அமெரிக்காவில் எச்-1பி என்கிற தற்காலிக வேலை விசாவில் இது எனக்கு ஐந்தாவது வருடம். பேட்டரி ஆராய்ச்சியில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கிரீன் கார்டு பற்றிக் கேட்டால் மூன்று வருடமாக "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்கிறார்கள். நாமே மனுப் போடலாம் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? சீக்கிரம் கிடைக்குமா? நான் பிறந்தது இந்தியாவில்.

பதில்: உண்மைதான். துறையில் அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான ஈபி-1ஏ, தேசிய நலனுக்காகக் கம்பெனி வேலை நிபந்தனையைத் தளர்த்தும் ஈபி-2 என்ஐடபிள்யூ என்று இரண்டு வழி இருக்கிறது. இரண்டிலும் கம்பெனியின் கையெழுத்தும் வேண்டாம், பெர்ம் என்கிற தொழிலாளர் சான்றிதழும் வேண்டாம், கிரீன் கார்டுக்கான முதல் மனுவான ஐ-140 படிவத்தை உங்கள் பெயரில் நீங்களே போடலாம்.

ஆனால் சீக்கிரம் கிடைக்குமா என்று கேட்டீர்களே, அங்கேதான் நிறையப் பேர் மனம் உடைந்து போகிறார்கள். ஐ-140 ஒப்புதல் வேறு, கிரீன் கார்டு வேறு. மனுவை வேகமாகப் பார்க்கச் சொல்லும் பிரீமியம் கட்டணம் கட்டினால் ஈபி-1ஏ மனுவுக்கு 15 வேலை நாட்களிலும் என்ஐடபிள்யூவுக்கு 45 வேலை நாட்களிலும் ஏதாவது ஒரு பதில் வந்துவிடும், அதற்கப்புறம் நீங்கள் பிறந்த நாட்டுக்கான வரிசையில் நிற்க வேண்டும். 2025 கோடையில், வரிசை எதுவரை வந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு வெளியிடும் விசா புல்லட்டின்படி, இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஈபி-2 வரிசை 2013 ஜனவரியில் இருந்தது (அதாவது அதற்கு முந்தைய தேதி உள்ளவர்களுக்குத்தான் முறை வந்திருந்தது), ஈபி-1 வரிசை 2022 பிப்ரவரியில். என்ஐடபிள்யூ கம்பெனியிடமிருந்துதான் உங்களை விடுவிக்கும், அந்த வரிசையிலிருந்து விடுவிக்காது.

அப்படியானால் எதற்கு என்ஐடபிள்யூ? வரிசையில் உங்கள் இடத்தை முடிவு செய்கிற முன்னுரிமைத் தேதிக்காக. மனு ஒப்புதலானால், அதைப் போட்ட நாள் உங்கள் சொந்தத் தேதி ஆகிவிடுகிறது. கம்பெனி மாறினாலும் அது உங்களோடு வரும், நாளைக்கு ஈபி-1ஏ ஒப்புதலானால் அங்கேயும் அதே தேதியைப் பயன்படுத்தலாம். இன்னொன்று, உங்களுக்கு இது ஐந்தாவது வருடம் என்பதால் இது ரொம்ப முக்கியம்: எச்-1பியின் ஆறு வருட வரம்பு முடிந்தாலும், ஒப்புதலான ஐ-140 கையில் இருந்து வரிசை இன்னும் வராமல் இருந்தால், மூன்று மூன்று வருடமாக நீட்டிக்க முடியும். நீங்களே போட்ட ஐ-140 ஆனாலும் இது பொருந்தும். அந்த நீட்டிப்பு மனுவை மட்டும் அப்போது வேலை தருகிற நிறுவனம்தான் போட வேண்டும். அதனால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்காதீர்கள்.

என்ஐடபிள்யூவை 2016-ல் வந்த தனசார் தீர்ப்பை வைத்து எடை போடுகிறார்கள். ஒரு விண்வெளிப் பொறியியல் ஆராய்ச்சியாளரின் மனுவில் வந்த தீர்ப்பு அது. மூன்று விஷயம் பார்ப்பார்கள்: நீங்கள் செய்யப்போகும் பணிக்கு மதிப்பும் தேசிய அளவில் முக்கியத்துவமும் இருக்கிறதா, அதைச் செய்து முன்னெடுக்க நீங்கள் தகுதியான ஆளா, வேலை வாய்ப்புக் கடிதமும் பெர்மும் கேட்காமல் விடுவது அமெரிக்காவுக்கு நல்லதா. பலர் சறுக்குவது முதலாவதில். "பேட்டரி நாட்டுக்கு முக்கியம்" என்று பத்துப் பக்கம் எழுதுவார்கள், அதை யாருமே மறுக்கவில்லையே! பேட்டரியில் எந்தச் சிக்கலை, எப்படி நீங்கள் தீர்க்கப் போகிறீர்கள், அது உங்கள் கம்பெனியைத் தாண்டி யாருக்குப் பயன்படும் என்பதைத்தான் எழுத வேண்டும். சிபாரிசுக் கடிதங்களையும் உங்கள் பேராசிரியரிடம் மட்டும் வாங்காமல், உங்களை நேரில் தெரியாமலே உங்கள் ஆய்வை எடுத்துப் பயன்படுத்தியவர்களிடம் கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.

ஈபி-1ஏ இதைவிடக் கடினம். பெரிய சர்வதேச விருது இல்லாதவர்கள் பத்து அளவுகோலில் குறைந்தது மூன்றையாவது காட்ட வேண்டும்: பிறர் கட்டுரைகளை மதிப்பிட்டது, துறைக்குப் பெரிய அளவில் உதவிய சொந்தப் பங்களிப்பு, உயர்ந்த சம்பளம் இப்படி. மூன்றைக் காட்டியதும் முடிந்துவிடாது, மொத்தமாகப் பார்த்து நீங்கள் துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவரா என்று மறுபடி எடை போடுவார்கள். பணம் கட்டினால் விருது, பணம் கட்டினால் சங்க உறுப்பினர் என்று வலை விரிப்பவர்கள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். அதிகாரிகளுக்கு அது தெரியாமல் இல்லை, உங்களிடம் இருக்கும் நிஜமான ஆதாரத்தின் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

செலவு? 2024 ஏப்ரலில் வந்த கட்டணப்படி ஐ-140க்கு 715 டாலர், சொந்தமாக மனுப் போடுபவர் புகலிடத் திட்டக் கட்டணமாக இன்னொரு 300 டாலர். பிரீமியமும் வக்கீல் செலவும் தனி.

என்னைக் கேட்டால், இப்போதே என்ஐடபிள்யூ போட்டுத் தேதியைப் பிடித்துவிடுங்கள், ஈபி-1ஏவுக்கான ஆதாரத்தை நிதானமாகச் சேருங்கள்.

கேள்வி: என் மனைவி சிங்கப்பூரில் பிறந்தவர், ஆனால் இந்தியக் குடியுரிமை. இது எங்களுக்கு உதவுமா?

பதில்: நிச்சயம் உதவும்! குடியுரிமை எது என்பது கணக்கில்லை, பிறந்த நாடுதான் கணக்கு. மனைவியும் உங்களோடு சேர்ந்து விண்ணப்பித்தால் அவர் பிறந்த நாட்டின் வரிசையிலேயே இருவரும் நிற்கலாம், அது இந்திய வரிசையைவிட எவ்வளவோ குறுகியது. பிள்ளைகள் பிறந்த நாட்டை வைத்துப் பெற்றோர் இப்படிக் கேட்க முடியாது. மனைவியின் பிறப்புச் சான்றிதழை இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள்.