எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், அதாவது பெட்ரோலைப் பீச்சியடிக்கும் முறை) பைக்கை வீட்டிலேயே கார்புரேட்டருக்கு மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் கார்புரேட்டரை (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) மாட்டுவது பாதி வேலைகூட இல்லை. பெரும்பாலான எஃப்ஐ பைக்குகளில் ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்பதையும் ஈசியூ என்ற சின்னக் கணினிதான் முடிவு செய்கிறது. அதைக் கழற்றினால் ஸ்பார்க்கைக் கொடுக்கத் தனி சிடிஐ பெட்டி, அதற்குப் பொருந்தும் மேக்னெட், எஞ்சின் சுழற்சியை உணரும் பிக்கப் காயில் எல்லாம் தேவை.

அப்புறம் டேங்க். உள்ளே இருக்கும் பம்ப் சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் நீடில் வால்வு அதைத் தாங்காது. பெட்ரோல் வழிந்து சூடான எஞ்சின் மேல் கொட்டும். பம்பை எடுத்துவிட்டு, தானாக இறங்கும்படி பெட்ரோல் டேப் வைக்க வேண்டும்.

பல்சர் 220 என்றால் கொஞ்சம் சுலபம். 2007இல் எஃப்ஐயோடு வந்தது, 2009இல் கம்பெனியே கார்புரேட்டருக்கு மாற்றிவிட்டது. பாகங்களைத் தேடிப் பிடிக்கலாம். பிஎஸ்6 (புகை அளவு விதி) வண்டியில் மட்டும் கை வைக்காதீர்கள். புகைச் சோதனை, ஆர்டிஓ என்று தலைவலிதான். எஃப்ஐயில் ஏதாவது கோளாறு என்பதால் மாற்ற நினைத்தால், முதலில் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து பார்த்தீர்களா?