நாலாவது லேப்பில் ஏறும் சூடு: ட்ராக் ஓட்டுபவர்களுக்குக் கேள்வி-பதில்

பெங்களூரில் கார் வாங்கி, இங்கேயே ஓட்டிப் பழகி, ஒரு சனிக்கிழமை விடிகாலையில் ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்குப் போகிறவர்கள் நம்மில் நிறைய பேர். 300 கிலோமீட்டரும் சமர்த்தாக ஓடி வந்த கார், ட்ராக்கில் இறங்கிக் கால் மணி நேரத்தில் கொதிக்கத் தொடங்கிவிடுகிறது. அல்சூரில் என் கேரேஜுக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான். சேர்ந்து கிடந்தவற்றில் எட்டுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஹைவேயில் மணிக்கணக்காகப் போனாலும் டெம்பரேச்சர் ஊசி அசைவதில்லை. ட்ராக்கில் மட்டும் நாலாவது லேப்பில் (சுற்றில்) ஏறுகிறது. என் ரேடியேட்டரில் ஏதோ கோளாறு என்கிறார்கள். உண்மையா அண்ணா? (ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்)

கோளாறாக இருக்க வேண்டும் என்றில்லை தம்பி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹைவேயில் 90 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு ஆறரை லிட்டர் பெட்ரோல் எரிகிறது. ட்ராக்கில் சராசரி 100 கிலோமீட்டர் வேகம், லிட்டருக்கு 3 கிலோமீட்டர் என்றால் மணிக்கு 33 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் சக்தி இருக்கிறது. அதில் கால் பங்கு கூலன்ட், அதாவது என்ஜினைச் சுற்றி ஓடிக் குளிர்விக்கும் திரவம், வழியாக வெளியே போக வேண்டும் என்று எடுத்துக்கொண்டால், ஹைவேயில் ரேடியேட்டர் தள்ள வேண்டிய சூடு 14 கிலோவாட், ட்ராக்கில் 70 கிலோவாட்டுக்கு மேல். நம் வீட்டு பாத்ரூம் கீசர் 2 கிலோவாட். ஹைவேயில் ஏழு கீசர் எரிகிறது, ட்ராக்கில் முப்பத்தைந்து கீசர். அத்தனை சூட்டையும் முன்பக்கம் இருக்கும் அந்த ஒரே ரேடியேட்டர்தான் காற்றில் கலக்கிவிட வேண்டும்.

அடுத்தது ஊர். கூலன்ட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசமோ அதைப் பொறுத்துத்தான் ரேடியேட்டர் சூட்டைக் கழிக்கும். கூலன்ட் 95 டிகிரி, பெங்களூர் காலைக் காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 70. இருங்காட்டுக்கோட்டையில் பகல் 38 டிகிரி என்றால் 57-தான். அதாவது அதே ரேடியேட்டரின் திறன் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே குறைந்துவிடுகிறது. வெயில் குடித்த தார்ச்சாலையை ஒட்டி வரும் காற்று இன்னும் சூடு. இவ்வளவையும் தாண்டி மூன்று லேப் தாக்குப்பிடித்தால் உங்கள் ரேடியேட்டர் நல்ல நிலையில் இருக்கிறது என்றுதான் நான் நினைப்பேன். பகல் பதினொரு மணி செஷனை விட்டுவிட்டுக் காலை முதல் செஷனில் இறங்கிப் பாருங்கள். காசு செலவே இல்லாத வைத்தியம் அது.

உண்மையான கோளாறைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி சொல்கிறேன். சில்க் போர்டு நெரிசலில் சூடு ஏறி, ரோடு காலியானதும் இறங்கினால் ஃபேனைப் பாருங்கள். நெரிசலில் சும்மா இருந்துவிட்டு, வேகமாகப் போகும்போது மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், கடைசியாக ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் அடைக்கும் தகடு) என்று வரிசையாகச் சந்தேகப்படுங்கள்.

டர்போ கார். ஊசி நடுவிலேயே நிற்கிறது, ஆனால் மூன்று லேப்புக்குப் பிறகு இழுவை குறைந்துவிடுகிறது. சூடு இல்லை என்றால் வேறு என்ன? (கம்மனஹள்ளி)

சூடுதான். ஊசி காட்டவில்லை, அவ்வளவுதான். ஊசி கொஞ்சம் அசைந்தாலும் வாடிக்கையாளர் பயந்துபோய் சர்வீஸுக்கு ஓடி வருகிறார் என்று பல கம்பெனிகள் அதை நடுவில் நிற்கும்படி செய்திருக்கின்றன. உள்ளே 75 டிகிரியாக இருந்தாலும் 105-ஆக இருந்தாலும் பல கார்களில் ஊசி ஒரே இடத்தில் நிற்கும். அது நகரும்போது பிரச்சினை முற்றியிருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகுகிற ஒரு சின்னக் கருவி வாங்கிப் போனில் எண்ணாகப் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் கூலன்ட்டை விட, என்ஜினுக்குள் போகும் காற்றின் சூட்டை முதலில் பார்க்க வேண்டும். டர்போ காற்றை அழுத்தும்போது காற்று சூடாகிறது, இன்டர்கூலர் அதைத் தணிக்கிறது. லேப்புக்கு லேப் இன்டர்கூலரே சூடேறிப்போனால் தணிப்பு குறையும். சூடான காற்றில் நாக்கிங் (பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடிப்பது) வரும் என்று ஈசியூ, அதாவது என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறது. நீங்கள் உணர்கிற இழுவைக் குறைவு அதுதான். என்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, அதை ரீமேப் போட்டு (ஈசியூவின் மென்பொருளை மாற்றி) ஏமாற்றாதீர்கள். ஒரு லேப் வேகமாக, ஒரு லேப் மெதுவாக என்று மாற்றி மாற்றி ஓட்டி, அந்தக் காற்றின் சூடு எவ்வளவு இறங்குகிறது என்று எழுதி வையுங்கள். பெரிய இன்டர்கூலர் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தத் தாளை வைத்து முடிவு செய்யலாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் எப்போதும் கூலாக இருக்கும் என்கிறார் என் மெக்கானிக். (ஸ்ரீராம்புரம்)

வேண்டாம். தெர்மோஸ்டாட் என்பது என்ஜின் சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. பல என்ஜின்களில் அது திறக்கும்போதே, ரேடியேட்டருக்குப் போகாத பைபாஸ் வழியையும் மூடுகிறது. அதைக் கழற்றினால் கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும், சூடு இன்னும் ஏறும். சந்தேகம் இருந்தால் கழற்றி, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கூடவே ஒரு தெர்மாமீட்டர். தெர்மோஸ்டாட்டின்மேல் 82 அல்லது 88 என்று எண் குத்தியிருக்கும். அந்தச் சூடு வரும்போது வால்வு மெல்ல வாயைத் திறப்பது கண்ணுக்குத் தெரியும். திறக்க அடம்பிடித்தால் புதிது போடுங்கள்.

கூலன்ட்டா, வெறும் தண்ணீரா? ட்ராக்குக்கு எது நல்லது சார்? (ஜாலஹள்ளி)

இதில் நான் பட்ட அனுபவத்தைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். என் பழைய காருக்கு ஒருமுறை வெளியூர் கேரேஜ் ஒன்றில் ஹோஸ் மாற்றினேன். கூலன்ட்டுக்குப் பதிலாகப் போர்வெல் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் ஓட்டியபிறகு ட்ராக்கில் கொதித்து ஹெட் கேஸ்கெட் போனது. ரேடியேட்டரைக் கழற்றி ஹேக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். தட்டையான அந்தக் குழாய்களின் உள்சுவரெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்பு படிந்திருந்தது. பழைய கீசர் காயிலைக் கழற்றினால் எப்படி இருக்குமோ அப்படியே. சில குழாய்களில் குண்டூசி நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம். விரலால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. நம் ஊர் போர்வெல் தண்ணீர் என்ஜினுக்கு ஆகவே ஆகாது. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்று எப்போதும் டிக்கியில் இருக்கட்டும்.

இனி பதில். ஒரே அளவு ஓடும்போது சுத்தத் தண்ணீர், கூலன்ட்டில் இருக்கும் கிளைகால் என்ற ரசாயனத்தை விடக் கூடுதல் சூட்டைச் சுமக்கும். ஆனால் சீக்கிரம் கொதிக்கும், அலுமினிய என்ஜினை அரிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், 1.1 பார் அழுத்தம் பிடிக்கும் ரேடியேட்டர் மூடி ஒழுங்காக இருந்தால் 125 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். அதே மூடியில் வெறும் தண்ணீர் 120-ஐ ஒட்டிக் கொதித்துவிடும். வெளிநாட்டு ரேஸ்கள் பலவற்றில் கிளைகாலுக்குத் தடை உண்டு. அது ட்ராக்கில் சிந்தினால் எண்ணெய் மாதிரி வழுக்கும், லேசில் காயாது என்பதால் அப்படி. தினமும் ஆபீஸுக்கும் ஓட்டுகிற காருக்கு, உங்கள் கம்பெனி சொன்ன ரகக் கூலன்ட்டையே டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். பச்சைக் கூலன்ட்டையும் ஆரஞ்சுக் கூலன்ட்டையும் இஷ்டத்துக்குக் கலக்காதீர்கள், சில ரகங்கள் சேர்ந்தால் கூழ் மாதிரி திரண்டு குழாயை அடைக்கும்.

மூடியைச் சொன்னேன் அல்லவா, அதைப் பாதிப் பேர் கவனிப்பதே இல்லை. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடிதான் அந்தக் கொதிநிலையை மேலே தள்ளுகிறது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் நகத்தால் அழுத்தினால் குழிய வேண்டும். கல்லாகக் கெட்டிப்பட்டிருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ அன்றே மாற்றுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறக்கவே கூடாது.

ஜே.சி. ரோட்டில் தேடி, செலவு செய்து பெரிய அலுமினிய ரேடியேட்டர் போட்டேன். ஐந்து டிகிரிகூடக் குறையவில்லை. ஏமாந்துவிட்டேனா? (மல்லேஸ்வரம்)

ரேடியேட்டர் நல்லதாகவே இருக்கலாம். காற்று அதன் வழியாகப் போகிறதா என்பதுதான் கேள்வி. பம்பருக்குள் நுழைகிற காற்று சுலபமான வழியைத்தான் தேடும். ரேடியேட்டரின் நுண்ணிய தகடுகளுக்கு நடுவே நுழைவதைவிட, பக்கத்தில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் அதன் வழியே ஓடிவிடும். பெரிய ரேடியேட்டர் போடுகிறவர்கள் பழைய பிளாஸ்டிக் தடுப்புகளைப் பொருந்தவில்லை என்று கழற்றிப் போட்டுவிடுவார்கள். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இரவில் பானெட்டைத் திறந்து, பம்பர் ஓட்டையில் டார்ச் அடியுங்கள். ரேடியேட்டரின் ஓரங்களில் எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் காற்று தப்பிக்கிறது. மெல்லிய அலுமினியத் தகடும் சூடு தாங்கும் ஃபோமும் வைத்து அடையுங்கள். சில நூறு ரூபாய் வேலை. பெரிய ரேடியேட்டரை விட இது அதிக டிகிரி இறக்கியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உள்ளே போன காற்று வெளியே வரவும் வேண்டும். கீழே இருக்கும் அடித்தட்டு உரசுகிறது என்று அதைக் கழற்றுகிறவர்கள் உண்டு. அது காற்றை வழிநடத்தவும்தான் இருக்கிறது. கிளிப் உடைந்திருந்தால் புதுக் கிளிப் போட்டு மாட்டுங்கள்.

அப்புறம் சருகு. போன வருஷம் ஜெயநகரிலிருந்து ஒரு போர்ஷே பாக்ஸ்டர் வந்தது. அந்தக் காரில் என்ஜின் நடுவில், ரேடியேட்டர்கள் முன்சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு பக்கமும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஏசி கண்டென்சர். தினமும் மரத்தடியில் நிறுத்துகிற கார். பம்பரைக் கழற்றி, கண்டென்சரைக் கொஞ்சம் முன்னே இழுத்ததும் இரண்டுக்கும் நடுவிலிருந்து காய்ந்த இலையும், ரோஜா நிறம் வெளுத்த தபேபுயா பூக்களும், மக்கிப்போன மண்ணும் கொத்துக் கொத்தாக வந்து விழுந்தன. ஒரு பக்கத்தில் மட்டும் அரை பக்கெட் அள்ளினோம். வெளியிலிருந்து கிரில் வழியாகப் பார்த்தால் எதுவுமே தெரிந்திருக்காது. பின்பக்கமிருந்து மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினோம். வாட்டர் சர்வீஸ் கன்னை மட்டும் அதன்மேல் நேராக அடிக்காதீர்கள், தகடுகள் மடங்கிவிடும். எந்தக் கார் வைத்திருந்தாலும் சீசனுக்கு ஒருமுறை பம்பரைக் கழற்றி இதைச் செய்துவிடுங்கள்.

ஆயில் கூலர் அவசியமா? 5டபிள்யூ-30-க்குப் பதில் 5டபிள்யூ-50 ஊற்றினால் போதாதா? (ஒயிட்ஃபீல்டு)

கூலன்ட் ஒழுங்காக இருக்கும் காரிலும் ஆயில் 140 டிகிரியைத் தொட்டதை நான் பார்த்திருக்கிறேன் மேடம். பிஸ்டனின் அடிப்பக்கம், பேரிங், டர்போ இங்கெல்லாம் சூட்டை எடுப்பது ஆயில்தான். 1990-களின் பிற்பகுதி வரை போர்ஷே 911-களில் கூலன்ட்டே கிடையாது, காற்றும் ஆயிலுமாகத்தான் என்ஜினைக் காத்தன. 100 முதல் 120 வரை நிம்மதி. 130 தாண்டினால் காலை எடுங்கள். தொடர்ந்து தாண்டுகிறது என்று அளந்து தெரிந்தால் கூலர் போடுங்கள், ஆனால் தெர்மோஸ்டாட் உள்ளதாகப் பார்த்து. இல்லாவிட்டால் டிசம்பர் காலையில் பெங்களூரில் ஆயில் 70 டிகிரியிலேயே நின்று, அதில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகாது.

கெட்டியான ஆயில் (கடைசி எண் பெரிதாக இருந்தால் கெட்டி) சூட்டைக் குறைக்காது. சூட்டிலும் ஆயில் படலம் அறுந்துபோகாமல் தாங்கும், அதுதான் அதன் வேலை. கையேடு அனுமதிக்கிற தடிமனில் மேல்படியை எடுங்கள், பெரும்பாலும் 40-ஆக இருக்கும். அளவைக் குச்சியில் மேல்கோட்டை ஒட்டி வையுங்கள். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சினால் எந்தக் கூலரும் காப்பாற்றாது.

பிட்டுக்கு (ட்ராக் ஓரத்தில் கார் நிறுத்தும் இடத்துக்கு) வந்ததும் உடனே என்ஜினை அணைக்கலாமா? (ஆர்.டி. நகர்)

கடைசி லேப்பை உயர்ந்த கியரில், குறைந்த ஆர்.பி.எம்மில், பிரேக்கைத் தொடாமல் ஓட்டி வாருங்கள். பிறகு இரண்டு நிமிஷம் ஐடிலில் விட்டு, பானெட்டைத் திறந்துவிட்டு அணையுங்கள். கொதிக்கக் கொதிக்க வந்து அணைத்தால் வாட்டர் பம்ப் நின்றுவிடும், ஹெட்டில் தங்கிய சூடு கூலன்ட்டை அங்கேயே கொதிக்கவைக்கும், டர்போவுக்குள் நின்றுபோன ஆயில் கரியாகிப் படியும். அணைத்தபிறகும் ஃபேன் ஓடினால் ஓடட்டும். பிரேக்கும் சூடாக இருக்கும் என்பதால் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே எண் ஏறினால் என்ன செய்வது? (கே.ஆர். புரம்)

கூலன்ட் 105 தாண்டினால் காலை எடுத்து, கியரை ஏற்றி, முன்னால் போகிற காரின் முதுகிலிருந்து விலகிச் சுத்தமான காற்றுக்கு வாருங்கள். ஏசி ஓடினால் அணையுங்கள். 110-க்கு மேல் போனால் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ப்ளோயரையும் முழுதாகத் திருப்புங்கள். ஹீட்டர் என்பதும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், முகத்தில் அனல் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அரை லேப்பில் இறங்கவில்லை என்றால் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் பிட்டுக்குள் வந்துவிடுங்கள். எண் திடீரென்று கீழே விழுந்தாலும் சந்தோஷப்படாதீர்கள். கூலன்ட் முழுதும் வெளியே போய், சென்சார் வெறும் காற்றில் நிற்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அப்போது மட்டும் ஐடிலும் வேண்டாம், கூல்-டவுன் லேப்பும் வேண்டாம். ஓரம் கட்டி அந்த இடத்திலேயே அணைத்துவிட்டு, ட்ராக் பணியாளரான மார்ஷல் வரும்வரை காத்திருங்கள்.